யோக்கியதை

கேரள அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர் வேலைக்கு எனக்கு வயது கடந்துவிட்டது. இடஒதுக்கீட்டுப் பிரிவில் வந்தால் மட்டும் வயதில் சலுகை உண்டு. சாதிச் சான்றிதழ் கேட்டு மட்டாஞ்சேரி வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன். தேனியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த என் அம்மாவும் கூடவே வந்தாள். தோப்பும்படிச் சந்தையில் மத்தி மீனுக்குப் பேரம் பேசும் அளவுக்குத்தான் அவளுக்கு மலையாளம்.

எங்கள் சாதி தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டது. குமுளி எல்லையைத் தாண்டியதும் எப்படியோ முன்னேறிவிட்டதாம். எங்கள் வீட்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

கிளார்க் பட்டியலைப் புரட்டிவிட்டு வருத்தத்தோடுதான் சொன்னார்: "கேரளா லிஸ்டில் இல்லல்லோ. மோளுக்கு யோக்யத இல்லா."

அம்மா மேசையில் கையை ஊன்றினாள். "யாரப் பாத்துய்யா யோக்கியதை இல்லைங்கற? எம்.ஏ. படிச்ச புள்ளய்யா இது! உன் யோக்கியதை என்னன்னு நான் கேக்கவா?"

வரிசையே எட்டிப் பார்த்தது. மலையாளத்தில் அது திட்டு இல்லை, தகுதி என்றுதான் அர்த்தம் என்று அம்மாவின் காதைக் கடித்தேன். மிரண்டுபோன கிளார்க், தமிழில் அதற்கு என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

அவர் எழுந்து நின்று, "அம்மே, மோளுக்கு தகுதி இல்லா" என்றார்.

"இப்படி மரியாதையாச் சொல்லணும்" என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஜெயித்த முகம். பஸ்ஸில் ஏறப்போகும்போதுதான் சட்டென்று நின்று என்னைப் பார்த்தாள்.

"அப்போ வேலை கெடையாதாடீ?"