கிழக்கு மூலையின் அளவு

சென்ற புதன்கிழமை காலை, நம் நூலகத்தில் செய்தித்தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது கொண்டாப்பூரிலிருந்து கோமதி மேடத்தின் மகன் கார்த்திக் அழைத்தான். "அங்கிள், மம்மி இஸ் நோ மோர்," என்றான். ஆறுதலாக ஏதேனும் சொல்லியிருக்க வேண்டும். நான் "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டேன். அவன் சொன்ன நேரத்தை ஒரு காகித ஓரத்தில் குறித்தும் வைத்தேன்.

குஷாய்குடா தொழிற்சாலையின் குடியிருப்புகளைப் பல ஆண்டுகள் பராமரித்த பொறியாளர் அவர். நான் ரயில்வேயில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மல்காஜ்கிரியில் பூட்டிக் கிடந்த பழைய கல்கட்டடத்தைப் பொது நூலகமாக மாற்றும் குழுவில்தான் நாங்கள் சந்தித்தோம். கொத்தனார் யூசுப் பாய் உட்சுவரில் சிமெண்டைப் பூசக் கை ஓங்கிய நாள் நினைவிருக்கிறது. "நக்கோ பாய், நக்கோ, வேண்டாம்! இந்தச் சுவர் சுண்ணாம்புல மூச்சு விடுது. சிமெண்டைப் பூசுனா மூக்கைப் பொத்துன மாதிரி," என்றார் மேடம். யூசுப் பாய் சிரித்துக்கொண்டே, "ஹவ் மேடம், சரி, நம்ம மூக்கு மேல மட்டும் பூசிக்கறேன்," என்று கலவையைத் தள்ளி வைத்தார்.

மேடம் தோற்றது ஒரே ஒரு விஷயத்தில். முகப்பில் ஏழு கருங்கல் படிகள். மூன்றரை அடி உயரம். சக்கர நாற்காலி ஏற வேண்டுமென்றால், ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில், நாற்பத்திரண்டு அடி நீளத்துக்குச் சாய்வுப் பாதை வேண்டும். முன்னால் அதற்கு இடமில்லை. வளைத்துப் போட்டால் முகப்பு வளைவுகள் மறைந்துவிடும். ஆகவே பின்பக்கம், கழிப்பறைகளை ஒட்டிப் போடலாம் என்றார் குழுத் தலைவர். "உள்ள வந்துட்டா எல்லாம் ஒரே ஹால்தானேம்மா?"

"கல்யாணத்துக்கு வந்தவங்கள அடுக்களை வழியாவா கூப்பிடுவீங்க?" என்றார் மேடம்.

"உங்களுக்காகவா கேக்கறீங்க?" என்று யாரோ கேலி செய்தார்கள்.

"இன்னைக்கு இல்ல," என்றார் அவர்.

தலைவர் எல்லோரையும் பார்த்து, "வேற யாருக்காவது யோசனை இருக்கா?" என்று கேட்டார். என் மடியிலிருந்த கோப்பில் ஒரு வரைபடம் இருந்தது. எந்தக் கட்டடத்தையும் நான்கு மூலையிலும் அளப்பது என் பழக்கம். மற்றவர்கள் முகப்பில் மட்டும் அளந்திருந்தார்கள். கிழக்கே தரை மேடாகிப் போவதால் அந்த மூலையில் வராந்தாவின் உயரம் ஒரு அடி ஒன்பது அங்குலம்தான். அங்கிருந்த இரும்புக் கிராதியைக் கழற்றினால், ஒரு கல்லையும் உடைக்காமல், இருபத்தோரு அடியில் பாதை போட்டு, வராந்தா வழியாகவே முன்வாசலை அடைந்துவிடலாம். ஆனால் இரண்டாம் முறை அளந்தபோது ஒன்றரை அங்குலம் கூடுதலாக வந்திருந்தது. மறுபடி அளந்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பின்வழி தீர்மானமாயிற்று. கூட்டக் குறிப்பை எழுதியவனும் நான்தான்.

திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு மேடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விழாவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். தள்ளிக்கொண்டு போனவன் நான். முன்னால் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்க, நாங்கள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பினாயில் வாடைக்கு நடுவே போனோம். கிழக்கு மூலையில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இங்க மண்ணு மேடா இருக்கே சார். அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"எவ்வளவு?"

சொன்னேன். அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. "இருபத்தோரு அடி," என்றார். பிறகு, "எப்ப அளந்தீங்க?"

"அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள். ஒன்றரை அங்குலம் சந்தேகமா இருந்துச்சு மேடம்."

அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அளந்தாச்சுன்னா சொல்லிடணும் சார். தப்பா இருந்தா திருத்திக்கலாம்," என்றார். "சரி, தள்ளுங்க. வடை ஆறிடும்."

அடுத்த கூட்டத்தில் வரைபடத்தைக் கொடுத்துவிடுவதாக அவரிடம் வாக்களித்தேன். சுத்தப் பிரதி எடுக்க வேண்டும், மழை நின்றபின் மீண்டும் அளக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஞாயிறுதோறும் அவர் பின்வழியாகவே வந்துபோனார். என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. மூலை வரும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்து எதையாவது பேசத் தொடங்குவார். என் கூச்சம் எனக்கு உறுத்தாதிருக்க அப்படிச் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று இரங்கல் கூட்டம். எல்லோரும் ஏழு படி ஏறி வந்தோம். கூட்டம் கலைந்ததும் வரைபடத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். நின்றபடியே நெடுநேரம் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே சார்," என்றார். தீர்மானம் போட இன்னும் மூன்று பேர் சம்மதிக்க வேண்டுமாம்.

மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதன்படி, அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன்: நம் நூலக வராந்தாவின் கிழக்கு மூலை, தரையிலிருந்து ஒரு அடி ஒன்பது அங்குலம். ஒன்றரை அங்குலம் கூடுதலாகவும் இருக்கலாம். தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.