ஆவுளியாவுக்குக் கண் திறந்த கதை

செத்தவர்களுக்குக் கண் திறந்து விடுவது என் தொழிலில் பாதி. தச்சநல்லூரில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கேட்டு வருகிறவர்கள் கையில் நல்ல படம் இருக்கவே இருக்காது. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் பின்வரிசையில் பாதித் தலை தெரியும். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிர் போன பிறகு செல்போனில் எடுத்திருப்பார்கள். "கண்ண மட்டும் திறந்து விட்டுருங்க அண்ணாச்சி" என்பார்கள், என்னவோ ஆண்டவர் அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மாதிரி. கம்ப்யூட்டரில் கண்களுக்கென்றே தனி ஃபோல்டர் வைத்திருக்கிறேன். பொருத்தமான கண்ணை எடுத்து ஒட்டி, கழுத்துக்குக் கீழே கோட்டு சூட்டு மாட்டி, தலைக்குப் பின்னால் நீல வானமும் வெள்ளை மேகமும் வைத்தால் வேலை முடிந்தது. படத்தைப் பார்த்ததும் குடும்பம் அழும். அழுதால் வேலை சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் பிளக்ஸை யாரும் வாசிப்பதில்லை. பின்னணியைப் பார்ப்பதோடு சரி. சிங்கமும் தீயும் இருந்தால் பிறந்தநாள். பூந்தோரணம் இருந்தால் கல்யாணம். மேகம் இருந்தால் ஆள் போய்விட்டார். மற்றபடி நான் எழுத்துப்பிழையோடு அடித்தாலும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், அடித்துமிருக்கிறேன்.

என் அக்கா பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். என்னோடும் என் மனைவியோடும்தான் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால், "ஒங்களயெல்லாம் வளத்தது போதும்லே" என்று வாயை அடைத்துவிடுவாள். அழுகிற ரகம் கிடையாது. எங்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட கல்லறைத் தோட்டத்தில் வந்தவர்களுக்குத் தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை ஆட்டி வைத்தது ஒரு செத்த மிருகம் என்றால் முதலில் நானே நம்பவில்லை.

கூட வேலை பார்க்கிற டீச்சர் வீட்டு விசேஷத்துக்காக புன்னைக்காயல் பக்கம் போயிருந்தாள். நம் தாமிரபரணி கடலில் சேருகிற இடம். சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனால் அங்கே கூட்டம். நடுவில் ஓர் ஆவுளியா ஒதுங்கிக் கிடந்தது. பாடப்புத்தகத்தில் கடற்பசு என்று இருப்பது இதுதான். கடலுக்கடியில் புல் மேய்கிற, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதுவான உயிர். நம் கடலில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். இவ்வளவையும் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு நடத்தியவள், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். உடம்பெல்லாம் வலை இறுக்கிய கோடு.

"தண்ணியிலயே பொறந்து தண்ணியிலயே மூச்சு முட்டிச் சாவுதுலே. மேல வந்து மூச்சு விடணும், வலைக்குள்ள மாட்டிட்டா வர முடியாதுல்லா" என்றாள் என்னிடம். அப்புறம்தான் மற்றதைச் சொன்னாள். முன்துடுப்புக்கு அடியில் பால் கசிந்து மணல் நனைந்திருந்ததாம். குட்டி எங்கே என்று அவள் கேட்டாளாம். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவளாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள். "இந்நேரம் அது எங்கன கிடக்கோ" என்பாள், ஏதோ டியூஷன் போன பிள்ளை வீடு திரும்பாத மாதிரி. எனக்குப் பயமாகவே இருந்தது. இனி ஒன்றும் வலையில் சாகக்கூடாது, மாட்டிக்கொண்டால் வலைக்காரர்கள் கூப்பிட ஒரு ஆளாவது இருக்க வேண்டும் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. பள்ளி பள்ளியாகப் பேசப் போனாள். ஆழ்வார்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய், கடலையே பார்த்திராத பிள்ளைகளிடம் பேசினாள். கடலோரத்துக்காரர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் பாளையங்கோட்டைக்குத்தான் வருகிறார்கள், அதனால் பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் வைக்க வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றாள்.

"நெட்ல இருந்து படம் எடுத்துக்கிடலாம்க்கா" என்றேன்.

"வேண்டாம். அது எந்த ஊரு கடலோ. இது நம்ம ஊருல செத்தது" என்று தன் செல்போனை நீட்டினாள். மணலில் கிடந்த படம். கண் மூடியிருந்தது. "இத உயிரோட ஆக்கித் தால."

செய்தேன். மணலை அழித்தேன், வலைக் கோடுகளை அழித்தேன். கண்தான் சிக்கல். ஃபோல்டரில் இருந்ததெல்லாம் மனிதக் கண். தேடிப் பார்த்தால் யானையின் கண் ஒன்று இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் யானை இறந்தபோது ஊரே பிளக்ஸ் வைத்தது, அதில் சிலவற்றை நான் அடித்தேன். அந்தக் கண்ணைச் சின்னதாக்கி ஒட்டினேன். அக்காவிடம் சொன்னபோது கோபப்படுவாள் என்று நினைத்தேன். "ரெண்டும் ஒரே வம்சத்துல பிரிஞ்சதுதான்லே, சரியாத்தான் வச்சிருக்க" என்று அந்தக் கடற்கரைக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிண்ட் எடுத்து கடைச் சுவரில் காயப் போட்டிருந்தபோது நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் செத்த யானை செத்த ஆவுளியாவுக்குள் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிச் சுருட்டி வைத்துவிட்டேன்.

பெரிய எழுத்தில் "நம் கடலில் இன்னும் வாழ்கிறது" என்று போட்டோம். கீழே, "வலையில் சிக்கினால் உயிரோடு விட்டுவிடுங்கள், உடனே அழையுங்கள்" என்று எழுதி, டீச்சர் என்று போட்டு அக்காவின் நம்பர். தலைக்குப் பின்னால் என் கை பழக்கத்தில் நீல வானத்தையும் வெள்ளை மேகத்தையும் வைத்திருந்தது. நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்து நல்லாயிருக்கு என்றாள். இரண்டு பேருக்குமே உறுத்தவில்லை.

பிளக்ஸ் ஏறிய மறுநாளே பஸ் ஸ்டாப்பில் அதற்கு யாரோ செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். கம்பில் ஊதுபத்தி செருகியிருந்தது. பிறகு போன் வர ஆரம்பித்தது.

"எப்ப எடுக்காவ?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. எடுப்பது என்றால் பிணத்தை எடுப்பது. ஒரு பெரியவர் அதை யானை என்றே நினைத்து மிகுந்த துக்கத்தோடு, "எந்தக் கோயில்லம்மா நின்னுது? நல்லாத்தான இருந்துச்சு?" என்று விசாரித்தார். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் ஒருவர், தன்னிடம் பெரிய சைஸ் இருப்பதாகச் சொன்னார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அக்கா கடைக்கு வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் அது நின்றது.

"உயிரோட இருக்கதுக்கு அடக்க ஆராதனை வச்சிட்டியேலே பாவி."

"நீயுந்தானக்கா பாத்த."

"பாத்தேன். எனக்குங் கண்ணு அவிஞ்சுதான போச்சு." அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அது செத்துட்டுன்னு இந்த ஊருக்கு எவ்வளவு சுளுவா நம்ப முடியுது பாத்தியால. இருக்குன்னு சொன்னா ஒருத்தனுக்கும் நம்பிக்கையில்ல, செத்துட்டுன்னா மாலையோட வாரானுவ."

கடையில் அப்போது முகூர்த்த நேரத்து வேலை குவிந்து கிடந்தது. அடுத்த வாரம் மேகத்தை எடுத்துவிட்டு வேறு அடித்துத் தருகிறேன் என்றேன். அதுவரை தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதே என்று சொன்னதும் நான்தான். வகுப்பு நடுவில் ஐஸ் பெட்டிக்காரனோடு அவள் எத்தனை தடவை மல்லுக்கட்டுவாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அசனம். ஆலய வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறியும் ஆக்கி ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். நான் சோற்று வாளி தூக்கினேன், பெண்கள் பந்தி அக்கா பொறுப்பு. போனோடு கைப்பையை உள்ளே வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்ததைக் கண்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசிப் பந்தி எழுந்த பிறகு கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தாள்.

ஒரே நம்பரில் இருந்து வரிசையாக அழைப்புகள். அதன் கீழே ஒரு வீடியோ.

படகு ஆடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நீலவலை, அதற்குள் ஒரு சாம்பல் தலை. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தது. மூடியிருந்த இரண்டு துவாரமும் திறந்து, குக்கர் கடைசியாக அடங்குகிற மாதிரி ஒரு மூச்சு வந்தது. பிறகு வலையின் கனம் அதைக் கீழே இழுத்தது. திரும்ப வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கண் தெரிந்தது. மிளகு அளவுதான் இருந்தது. நான் ஒட்டிய கண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பயந்துபோய்ப் பார்த்தது.

பின்னால் ஓர் ஆண் குரல். "டீச்சர், போன எடுங்க டீச்சர். பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்கு கூட்டியாந்தப்ப ஒங்க போர்ட படிச்சேன். சின்ன உருப்படிதான், உயிரோட இருக்கு. வலைய அறுக்கணும்னு சொன்னா படகுக்கார அண்ணன் யோசிக்காரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா அறுத்துருவாரு. எடுங்க டீச்சர்."

அக்கா திரும்ப அழைத்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அதே குரல், இப்போது பையப் பேசியது. "கடைசியில அறுத்துட்டோம் டீச்சர். ஆனா மூச்சு நின்னு போச்சு. நாங்க தலைய மேல தூக்கிப் பிடிச்சுத்தான் பாத்தோம்." பிறகு, எங்களுக்குத்தான் ஆறுதல் தேவை என்று நினைத்தானோ என்னவோ, "நீங்க கோயில்ல இருந்திருப்பிய" என்றான்.

சுற்றிலும் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மாவுக்கு அழாத அழுகையும் சேர்ந்து வந்தது போலிருந்தது. "சின்னதுன்னானேலே, சின்னதுன்னானே" என்பதையே சொன்னாள். கடலில் எத்தனையோ சின்னது இருக்கும், இது அந்தக் குட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத் தெரியாததா. யாராலும் இனி அதைச் சொல்ல முடியாது.

மறுநாளே புது பிளக்ஸ் அடித்தேன். வானம் இல்லை, மேகம் இல்லை. அந்த வீடியோவில் இருந்து ஒரு படம் எடுத்து வைக்கலாமா என்று கேட்டதற்கு அக்கா போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள், நானும் திரும்பக் கேட்கவில்லை. போனை எடுக்கிற வரைக்கும் காத்திருக்காதே, முதலில் வலையை அறு, பிறகு கூப்பிடு என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். இப்போதெல்லாம் ராத்திரி அவள் அறையில் இருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்பதாக என் மனைவி சொல்கிறாள். வீடியோவைப் போட்டுக் கேட்கிறாளாம். போனைப் பிடுங்க எனக்குத் தைரியமில்லை.

பழைய பிளக்ஸைக் கழற்றிவிட்டோம். ஆனால் அதை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றில் விட்டிருக்கிறார்கள், அது அழிய மாட்டேன் என்கிறது. அதைப் பார்த்து இன்னும் போன் வருகிறது. அக்கா எதையும் விடுவதில்லை. பரீட்சை ஹாலில், பஸ்ஸில், ஆராதனை நடுவில் பிரசங்கத்தின்போது, முதல் ரிங் முடிவதற்குள் எடுத்து வெளியே போய்விடுகிறாள். பாதிரியார் முதலில் முறைத்தார், இப்போது விட்டுவிட்டார்.

போன வாரம் சொந்தக்காரர் வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது அவள் போன் அடித்தது. எழுந்து வாசலுக்குப் போனாள். எனக்கு ஜெபம் ஓடவில்லை, பின்னாலேயே போனேன். எதிர்முனையில் என்ன கேட்டிருப்பார்கள் என்பது அவள் பதிலில் இருந்தே தெரிந்தது.

"இல்லய்யா, இன்னும் சாகல" என்றாள், கொஞ்சமும் கோபமில்லாமல். "நீங்க எங்கன இருந்து பேசுதிய? கடல் பக்கமா?"