ஊருக்குச் சொன்னது

தெருவில் போன தேர்தல் வேன் 'பெண் கல்வி' என்று கத்தியதும் ஜன்னலை அறைந்து சாத்தினேன். கோபம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சிங்காநல்லூர் மில் முதலாளியான அப்பா பெருந்துறைப் பக்கம் சட்டசபைக்கு நின்றார். பஞ்சுத்தூசி ஒட்டிய கதர்ச்சட்டையோடு மேடையேறி, "பொண்ணுங்களப் படிக்க வையுங்க" என்று முழங்கினார். ஒரே கைதட்டல். அதே வாரம் என் படிப்பை நிறுத்திவிட்டு, பெருந்துறைப் பண்ணைக்காரர் மகனுக்கு என்னைப் பேசி முடித்தார். அந்தப் பக்கத்து ஓட்டெல்லாம் பண்ணைக்காரர் கையில் இருந்தது.

"ஏனுங்கப்பா, மேடையில அப்படிச் சொன்னீங்களே?"

"அது ஊருக்குச் சொன்னது கண்ணு" என்று சிரித்தார்.

அப்பா ஜெயித்தார். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றும் கட்டினார். திறப்புவிழாவில் விளக்கேற்ற எனக்குக் கார் அனுப்பினார்.

"வரமாட்டேன்னு சொல்லிப்போடுங்க" என்று டிரைவரைத் திருப்பி அனுப்பினேன். அப்பா செத்தபிறகும் அந்தப் பள்ளிக்கூட வாசலை நான் மிதிக்கவில்லை.