ஒரு கட்டம் கீழே

சைக்கிள் ரயரில் டைனமோ உரசும்போது ரப்பர் சூடேறி ஒரு மணம் வரும். தொண்ணூறாம் ஆண்டுச் சோளகக் காற்றுக்காலம் முழுவதும் தீவுக் கிராமமான நாரந்தனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அந்த மணம்தான். சண்டை மறுபடி தொடங்கி, மின்சாரம் நின்று, கடைகளில் "பற்றறி" என்ற சாமானே இல்லாமற்போன மாதங்கள் அவை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் றெக்கோடரில் கொழுவி, ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாட்டும் தளர்ந்து, பாடகியின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும்.

ஊரார் அப்படிச் சுற்றிச் செய்தி கேட்டார்கள். நானும் அக்காவும் ஜாஸ் கேட்டோம். கப்பலில் வேலை செய்த மாமா விட்டுப்போன ஒரேயொரு கசற் அது. அதில் இரண்டு கிற்றார்கள் மட்டும்தான்: ஒன்று மனம்போனபடி முன்னால் ஓடும், மற்றது பின்னாலிருந்து "கோட்ஸ்" போட்டு, அதாவது பல சுரங்களை ஒன்றாக மீட்டி, அதைத் தாங்கும். மாமாவின் கிற்றாரும் எங்களிடம் இருந்தது. அறுந்த கம்பிகளுக்குப் பதிலாக அப்பாவின் "தங்கூசி", அதாவது மீன் பிடிக்கும் நைலோன் நூல், கட்டியிருந்தோம். கடலுக்குப் போகத் தடை வந்து வீட்டோடு கிடந்த அப்பாவுக்கு எங்களைக் கண்டாலே எரிச்சல். "உந்தக் கம்பியைத் தடவினா உலை கொதிக்குமோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பதினாறு. மாதா பெருநாளன்று பின்னேரம் கோயில் வளவில் நடக்கும் சின்னக் கலைநிகழ்ச்சியில் நாங்கள் இரண்டு பாட்டு வாசிக்கப் பாதர் சம்மதித்தார். முதற்பாட்டில் நான் முன்னுக்கு, அக்கா பின்னுக்கு; இரண்டாவதில் மாறி வாசிப்பதென்று ஒப்பந்தம். கோயில் பாடகர் குழுவில் நாலு வருசமாகப் பிறர் பாட்டுக்குக் கோட்ஸ் போட்டுக்கொண்டேயிருந்தவள் அக்கா, தனியாக வாசி என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. "ஒருக்கா எண்டாலும் நான் முன்னுக்கு நிண்டு வாசிக்க வேணுமடா" என்று அவள் சொன்னது என்னிடம் மட்டும்தான்.

கோயில் கிற்றார் பூசைக்கும் பெருநாளுக்கும் மட்டுமே அலுமாரியை விட்டு வெளியே வரும். ஆகவே வீட்டில் இருந்தது ஒன்று; ஒருவர் பழகினால் மற்றவர் சுற்ற வேண்டும், சேர்ந்து வாசித்துப் பார்க்க வழியில்லை. என்னுடைய முறையில் அக்கா கை மாற்றி மாற்றி, வேகம் ஒரு பொட்டும் குறையாமல் சுற்றுவாள். அவளுடைய முறை வந்தால் எனக்குக் கை உளையும், தண்ணீர் விடாய்க்கும், ஒழுங்கையில் யார் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்போல இருக்கும்.

"டேய், இழுக்குது. ஒழுங்காச் சுத்து."

"சரியாத்தான் சுத்துறன்."

பொய். நான் சுற்றிய சோம்பல் சுற்றில் கசற்றின் சுருதியே இறங்கிவிட்டது. அந்த இறங்கிய பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பாவி மனிசி தன் வாசிப்பை ஒவ்வொரு சுரமாகப் பொறுக்கியெடுத்தாள். நானோ அதே பாட்டின் கோட்ஸை அவள் சுற்றிய சரியான வேகத்தில் படித்திருந்தேன். முதற்பாட்டின் கோட்ஸ் எனக்காகச் சுற்றும்போதே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது; இரண்டாவது பாட்டில்தான் நாங்கள் இருவரும் கிற்றார்க் கழுத்தில் ஒரு கட்டம், அதாவது அரைச்சுரம், விலகிப்போனோம். தனித்தனியாகக் கேட்டபோது இரண்டும் சரியாகத்தான் இருந்தன.

பெருநாளன்று முதற்பாட்டு அருமையாகப் போனது. நான் தடுக்கிய இடத்தில் அக்கா ஒரு கோட்ஸை நீட்டிப் பிடித்து, நான் வந்து சேரும்வரை காத்து நின்றாள். சனம் கை தட்டியது, அவ்வளவும் எனக்கென்று நினைத்தேன். இரண்டாவது பாட்டுக்கு அக்கா ஓரடி முன்னே வந்தாள். முதல் வரியே சோற்றில் கல் கடிபட்டதுபோல இருந்தது. பின்வரிசைப் பெடியள் கூவத் தொடங்கினார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அக்கா என்னிலும் ஒரு கட்டம் கீழே நிற்கிறாள். அவளுடைய வாசிப்பு விரல் படாத வெறுங்கம்பிகளை நம்பியிருந்ததால் அவளால் நினைத்தவுடன் மேலே ஏற ஏலாது. நான் போட்டதோ ஒரு விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமத்தும் கோட்ஸ். அப்படியே கையை ஒரு கட்டம் சறுக்கினால் முடிந்தது வேலை. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கசற்றில் உள்ளபடி வாசிப்பவன் நான், நான் ஏன் இறங்க வேண்டும், இறங்கினால் பிழை என்னுடையதென்றல்லவா நினைப்பார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டது. இன்னும் அழுத்தி வாசித்தேன். அக்கா பாதியில் நிறுத்தி, சபையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

"எனக்குச் சுருதி பிடிக்கக் காது காணாது அம்மா, உது சரிவராது" என்று அன்றைக்கு வீட்டில் சொன்னாள். நான் கிற்றாரைத் தூக்கி மூலையில் சாத்தினேன். ஒரு கிழமைக்கிடையில் ஆமி தீவில் இறங்க, உடுப்புப் பொட்டலங்களோடு வேலணைக்கு ஓடி, வள்ளமேறி அராலிக் கரைக்குப் போனோம். கிற்றார் வீட்டிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு அக்கா எந்தக் கிற்றாரையும் தொடவில்லை.

நான் இப்போது லண்டனில் ஓய்வுநாட்களில் ஒரு சின்னக் குழுவில் வாசிக்கிறேன், பின்னால்தான். முன்னுக்கு வாசிப்பவரை விழவிடமாட்டேன் என்று எனக்கொரு பெயரும் இருக்கிறது, அதைக் கேட்கும்போதெல்லாம் வெட்கமாயிருக்கும். போன வருடம் நாரந்தனைக்குப் போனேன். வீடிருந்த இடத்தில் ஒரு கிணறும் இரண்டு படியும் மிச்சம், மற்றதெல்லாம் வடலிப் பனை. பாட்டுக் கேட்கச் சைக்கிள் சுற்றிய கதையைச் சொன்னால் அங்குள்ள பிள்ளைகள் நம்பவில்லை.

அங்கிருந்து நேரே குருநகரில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவளிடம், இத்தனை வருடமும் வயிற்றுக்குள் வைத்திருந்ததை, நான் ஒழுங்காகச் சுற்றாததை, அவள் காதில் பிழையில்லை என்பதைச் சொல்லி முடித்தேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "எங்க பிழைச்சதெண்டு மேடையிலயே விளங்கிட்டுது. உனக்கும் விளங்கினதை உன்ர முகத்தில கண்டனான். கையை இறக்குவாய் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"நான் அப்ப சின்னப் பெடியன் அக்கா."

"ஓம்" என்றாள், மீனிலிருந்து கண்ணெடுக்காமல். "நானும் சின்னப் பெட்டைதான்."