பதினோராவது சம்மதம்

எங்கள் மென்பொருள் டோக்கன் எண்ணைத் தமிழில் உரக்கப் படிக்கும். ஆஸ்பத்திரியில் "நூற்று இருபத்தெட்டு" என்று கூப்பிடுமே, அதற்காக. வைத்திக்குப்பத்தில் ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் கூடி, நான் உட்படப் பதினோரு பேர் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதை எல்லோருக்கும் திறந்து காட்ட வேண்டும். அதுதான் உரிமம்.

நான் வேலை பார்த்த கம்பெனிக்கு மென்பொருள் பிடித்தது, உரிமம் பிடிக்கவில்லை.

"அந்தத் திறந்து காட்டுற நிபந்தனைய எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலன்னா வேற வேல பாத்துக்கங்க" என்றார் மேனேஜர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

உரிமத்தை மாற்ற, ஒரே ஒரு வரி எழுதியவராக இருந்தாலும் அவர் சம்மதம் வேண்டும். எங்கள் பொதுப் பக்கத்தில் அவரவரே எழுத வேண்டும். பத்துப் பேர் எழுதிவிட்டார்கள். மிச்சம், அரியாங்குப்பத்தில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர். எண்களைச் சேர்த்துப் படிக்கும் பகுதி முழுக்க அவருடையது. மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. ஃபோனையும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை, "பதினோரு பேரும் சம்மதித்துவிட்டார்கள்" என்று அறிவிப்புப் போட்டு உரிமத்தை மாற்றிவிட்டேன். அண்ணன் மறுக்கவா போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு அவரை நேரில் பார்க்க ஸ்கூட்டியில் கிளம்பினேன். ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விடுவாரோ என்று சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் புகுந்து போனேன்.

"வாம்மா. கல்யாண சீசன், மூணு நாளா ஃபோனே பாக்கல. என்னா விஷயம்?" என்றார் அண்ணன், கடைக்குள்ளிருந்தே.

கம்பெனி கேட்டதை மட்டும் சொன்னேன்.

"இன்னும் மாத்தலியே?"

"இல்லண்ணே. நீங்க சொன்னாத்தான்."

கம்ப்யூட்டரில் எங்கள் பக்கத்தைத் திறந்தார். மேலேயே என் அறிவிப்பு. படித்தார். மறுபடியும் படித்தார். திட்டியிருந்தால் தேவலை.

"வேல போயிடுமா?"

"ஆமாண்ணே."

"சம்மதம்" என்று டைப் செய்தார். அதற்கு அருகில் வெள்ளிக்கிழமை தேதி தானாக விழுந்தது. என் அறிவிப்பில் வியாழக்கிழமை.

"என் அறிவிப்ப அழிச்சிடவாண்ணே?"

"அழிச்சா, அழிச்சதுகூட அங்க தெரியும்மா" என்று தொப்பியைத் தேட ஆரம்பித்தார்.

வேலை தப்பியது. அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் போனேன். தேதிகளைப் பார்க்காதவர் அங்கே யாருமில்லை. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை, எனக்கும் டீ ஊற்றித் தந்தார்கள். அவமானத்தில் என்னால் குடிக்க முடியவில்லை.