பதினாறு புள்ளிக்குள்ள ஒரு கண்ணு

எங்க வீட்டுக்காரரு செய்யுற வேலையைக் கேட்டா சிரிப்பீங்க. வெப்சைட்டைத் திறந்தா மேல டேப் ஓரத்துல கடுகு மாதிரி ஒரு படம் நிக்குமே, அதை வரையுறவரு. அகலம் பதினாறு புள்ளி, உயரம் பதினாறு புள்ளி. அதுக்குள்ள உலகத்தையே அடைன்னு சொல்ற ஆளுங்களோட மல்லுக்கட்டியே பாதி முடி போச்சு.

ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில சம்பளத்துக்குச் சேர்ந்தாரு. காரணம் அவரைப் பெத்த எங்க அத்தை. ரெண்டு கண்ணுலயும் புரை. வேலை பாக்குறவங்க வீட்டு ஆளுங்களுக்குப் பெரிய டாக்டரே இலவசமா ஆபரேஷன் பண்ணுவாராம். வெள்ளிக்கிழமைன்னு தேதியும் குறிச்சாச்சு.

வெப்சைட்டுக்கு டாக்டர் கேட்டது ஒரு கண்ணு. இவரு வரைஞ்சாரு. "என்னப்பா, தெளிவாவே இல்லையே!" இமையை எடுத்தாரு, கருவிழியைப் பெருசாக்கினாரு, நிறத்தை மாத்தினாரு. முப்பத்தோராவது தடவையும் அதே பாட்டுத்தான். பக்கத்துல மேனேஜர் ஒருத்தரு, டாக்டர் தும்மினா இவருக்குச் சளி பிடிக்கும். "ஆமா சார், மங்கலாத்தான் இருக்கு!" எறும்போட காலைக்கூட எண்ணுற அளவுக்குக் கூர்மையான கண்ணு அந்த ஆளுக்கு! கடைசியில, "வியாழனுக்குள்ள சரியா வரலன்னா வேற இடம் பாத்துக்கோ"ன்னுட்டாங்க. வேலை போனா ஆபரேஷனும் போச்சு.

புதன்கிழமை இந்த மனுஷன் பதட்டத்துல, முன்னாடி ஒரு செருப்புக்கடைக்கு வரைஞ்ச படத்தை மாத்தி ஏத்திட்டாரு. கட்டம் பூரா அடைச்ச கறுப்புச் செருப்பு. டாக்டர் கண்ணைச் சுருக்கிப் பாத்தாரு. "ஆங், இதுதான்யா கண்ணு!"

"உயிரோட பாக்குது சார்!"ன்னாரு மேனேஜர்.

வீட்டுக்கு வந்து சொன்னப்ப வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்புறம்தான் சுருக்குன்னுச்சு. அத்தை கண்ணுல கத்தி வைக்கப்போறதும் அவருதானே! அட கடவுளே!

அத்தை பதறவே இல்ல. "செருப்பைக் கண்ணுங்கிறவருகிட்ட என் கண்ணைக் கொடுக்கமாட்டேன்டா. நான் மட்டும் தப்பிச்சா போதுமா, அங்க வர்ற மத்தவங்க? முதல்ல அவரு கண்ணை யாராவது பாக்கட்டும். போய்ச் சொல்லிட்டு வா"ன்னாங்க.

டீக்கடையில மீதிச் சில்லறை கேக்கவே தயங்குறவரு எங்க ஆளு. மறுநாள் போய் முகத்துக்கு நேரா சொன்னாரு: "சார், அது செருப்பு. நீங்க ஒருதடவை கண்ணைக் காட்டிக்கிட்டா நல்லது."

சாயங்காலமே கடிதாசு கைக்கு வந்துடுச்சு. 'பார்வைக் குறைபாடு காரணமாகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.' டாக்டரோட கையெழுத்து, அதுக்குன்னு போட்ட கோட்டை விட்டு ரெண்டு விரக்கடை தள்ளிக் கிடந்துச்சு.

அரசாங்க ஆஸ்பத்திரியில மூணு மாசம் காத்திருந்து அத்தைக்கு ஆபரேஷன் பண்ணினோம். கட்டுப் பிரிச்சு ஒரு வாரம் போனதும், "அந்தப் படத்தைக் காட்டுடா"ன்னாங்க. இந்நேரம் மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன். அங்க மாத்துங்கன்னு வாயைத் திறக்க எவனுக்குத் துணிச்சல்? செருப்பு அப்படியே இருந்துச்சு. அத்தை ஸ்க்ரீன்கிட்ட குனிஞ்சு பாத்தாங்க.

"என்னடா, ஒத்தைக் காலுக்குத்தான் போட்டிருக்க? அதுலயும் வாரு ஒரு பக்கம் கோணலா இருக்கே!"

வேலை போன அன்னிக்குக்கூட அழாத மனுஷன், அம்மா மடியில தலையை வச்சு அழுதுட்டாரு.