பெற்றோர் விருப்பத்தின்பேரில்

பதினான்கு என்று எழுதியதை அடித்துவிட்டுப் பதினைந்து என்று மாற்றுகிறார் ரோஸ்மேரி அக்கா. அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் எறும்பளவில் 'ரோ.மே.' என்று ஒரு சுருக்கொப்பம். அதன் கீழே தேதி. இத்தனைக்கும் அது பதிவேடு இல்லை. ஆசிரியர் அறைக்குக் காலையில் எத்தனை டீ வேண்டும் என்று கேன்டீனுக்குப் போகிற துண்டுச்சீட்டு. இன்னும் கால் மணி நேரத்தில் யாரோ அதில் வடை எண்ணெயைத் துடைத்து எறிந்துவிடுவார்கள்.

"தப்பு எல்லாரும் பண்ணுததுதான். திருத்துனது யாருன்னு தெரியணும்லா?" என்பார், கேட்டால். கேட்காவிட்டாலும் சொல்வார்.

பல்லடம் சாலையில் இருக்கிற ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. அதன் அலுவலகத்தில் இருபத்தாறு வருடங்களாக எழுத்தர். கல்யாணமாகிக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தவர். ஐம்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைப் பனியன் நூலால் கட்டியிருக்கிறார். மேசையில் எப்போதும் ஒரு பிடி பனியன் வேஸ்ட், கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணி; கை துடைக்க, பேனா முனை துடைக்க, முக்கியமாகத் தொலைபேசியைத் துடைக்க. ஒவ்வோர் அழைப்புக்கும் முன்னால் ரிசீவரை ஒரு குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டுத்தான் எண்களைத் தட்டுவார்.

போன வருடம் பள்ளிக்கு முப்பதாம் ஆண்டு நெருங்கியபோது அவருக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய மாணவர்களைக் கண்டுபிடித்துப் பேச வேண்டும். விழாவுக்கு அழைக்க வேண்டும். முடிந்தால் புதிய கலையரங்கத்துக்கு ஏதாவது கேட்க வேண்டும். கண்டுபிடிப்பதை என் கணினியும் செய்யும், சற்று மெதுவாக. அவருடைய எதிர் மேசையில் அதைத் தட்டிக்கொண்டிருப்பவன் நான். எனக்கு ஆண்டும் பிரிவும் வேண்டும். அவருக்கு வேன் நம்பர் போதும்.

"நாலாம் நம்பர் வேன்ல டயர் மேல சீட்டு. பெருமாநல்லூர் தாண்டுனா வாந்தி எடுப்பா. இந்துமதிதானே? உங்க அம்மா எலுமிச்சம்பழம் குடுத்து விடுவாகளே!"

எதிர்முனையில் சிங்கப்பூரில் ஒரு பெண் சத்தம்போட்டுச் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

உள்ளூர்க்காரர்களிடம் பேசும்போது அவர் பேச்சு மாறிவிடும். "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" ரிசீவரை வைத்த மறுகணம், "ஏ யப்பா, முப்பது மிசின் வச்சதும் குரலே கம்பெனி சைரன் மாதிரி ஆயிட்டே இவனுக்கு" என்று கோவில்பட்டி திரும்பிவிடும்.

முருகவேலிடம் பேசியது ஒரு நல்ல நாள். கம்பெனி வேன் ஓட்டுகிறவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு தெற்கேயிருந்து வந்தவர்.

"முருகவேலா? ஆறாங்கிளாஸ்ல தேளு கொட்டிட்டுன்னு பொய் சொல்லி வீட்டுக்குப் போனேல்லா, உன்னைய வேன்ல ஏத்திவிட்டவ பேசுதேன்."

"யக்கா! அது நெசத் தேளுக்கா!"

"அது தலைக்குக் குத்துத கிளிப்புல. இருவத்தஞ்சு வருசம் ஆச்சு. இப்பமாவது ஒத்துக்கிடு."

கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு முருகவேலின் குரல் இறங்கியது. "யக்கா, நான் வரலாமா? நான்தான் அங்க முடிக்கலையே."

"பெஞ்சுல உக்காந்தேல்லா? வா."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அன்று மாலை ரோஸ்மேரி அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார் தரணீதரன்.

தரணீதரன் தாளாளரின் மகன். எம்.பி.ஏ. படித்தவர். பழைய மாணவர்களைப் பள்ளியோடு இணைப்பது எப்படி என்று கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் தயாரித்த பட்டியலில் மூன்று நிறங்கள். பச்சை என்றால் ஏற்றுமதி கம்பெனி வைத்திருப்பவர், மஞ்சள் என்றால் வெளிநாடு, சாம்பல் என்றால் மற்றவர். பேச வேண்டிய முறையையும் அச்சடித்துக் கொடுத்திருந்தார். முதலில் நினைவு, அடுத்தது பெருமை, கடைசியில் தேவை.

"ரோஸ்மேரிக்கா, நீங்க முதல் ஸ்டெப்புலயே நின்னுக்கறீங்க. அதுவும் சாம்பல்ல ஆரம்பிக்கறீங்க. நம்மளுது ஒரு டெஃபனிஷன் இருக்குதுங்க. பத்தாவது இங்க எழுதுனவங்கதானுங்க பழைய மாணவர்."

குரல் உயரவில்லை. இந்த ஊர் மரியாதையில் அப்படியொரு வசதி இருக்கிறது. கடைசியில் ஒரு 'ங்க' வைத்து மூடிவிட்டால் எதையும் சொல்லிவிடலாம்.

அந்த வரையறைக்குப் பின்னால் இருப்பது வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. வருடத்துக்கு ஒரு பலகை. 2005: தேர்வு எழுதியோர் 62, தேர்ச்சி 62, நூறு சதவீதம். எல்லாப் பலகையிலும் நூறு. அந்த நூறு எப்படி வருகிறது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆள் போகும். இங்கேயே படித்தால் ஃபெயில். டீசி வாங்கிக்கொண்டு போனால் பாஸ் போட்டுத் தருவோம். எது வேண்டும்? 2004 ஏப்ரலில் ஒன்பதாவதில் எண்பத்தொரு பேர். அடுத்த வருடப் பலகையில் அறுபத்திரண்டு. பத்தொன்பது பேர் சுவருக்கு வெளியே.

அந்தப் பத்தொன்பது டீசியையும் கையால் எழுதியவர் ரோஸ்மேரி அக்கா. உருண்டையான, ஒன்றையொன்று தொடாத எழுத்துகள். 'பள்ளியை விட்டு நீங்கக் காரணம்' என்ற இடத்தில், நிர்வாகம் சொன்னபடி, பத்தொன்பது முறையும் ஒரே வரி: பெற்றோர் விருப்பத்தின்பேரில்.

இப்போது கையால் எழுத வேண்டியதில்லை. மென்பொருளில் அந்தக் காரணம் முதலிலேயே தேர்வாகி நிற்கிறது. இந்த ஏப்ரலில் ஏழு பேருக்கு அச்செடுத்தது நான். ஏழு அம்மாக்களும் கம்பெனி இடைவேளையில் ஓடி வந்தவர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மணிக்குள் மெசினுக்குப் போயாக வேண்டியவர்கள். அதே மாதத்தில்தான் பள்ளி, 'சமூகத்தோடு கைகோப்போம்' என்று சாலையோரம் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை பச்சைப் பட்டியலைத் தட்டிக்கொண்டு போனபோது தரணீதரனின் விரல் ஒரு பெயரில் நின்றது. காசிமாயன். அறுபது மெசின், தனியாகப் பிரிண்டிங். இங்கே படித்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கலையரங்கத்துக்கு நானூறு நாற்காலி கேட்கலாம்.

ரோஸ்மேரி அக்கா பதிவேட்டைத் திறக்கவே இல்லை. "ஒன்பது-பி. சன்னலோரம். அவனும் அந்தப் பத்தொம்பதுல ஒருத்தன்."

"இருக்கட்டுமுங்க. கூப்பிடுங்க."

ரிசீவரை வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் தரணீதரன்.

காசிமாயன் கோபப்படவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நாற்காலி தர்றேன்க்கா, அது பெரிய விசயமில்ல. எங்க தொழில்ல பழுதான செகண்ட்ஸ் பீஸ்னா லேபிளை வெட்டிட்டுத்தான் வெளிய விடுவோம். என்னையவும் அப்படித்தான் விட்டாய்ங்க. இப்ப அதே பீஸை எக்ஸ்போர்ட் விலைக்குக் கேக்குறாய்ங்க, இல்ல?" சிரித்தார். "ஒண்ணே ஒண்ணு. என் டீசி இன்னும் வீட்டுலதான் இருக்கு. அடுத்த ஸ்கூலே இல்லையே, யார்ட்ட குடுக்க? போன மாசம் என் மக அதை எடுத்து வாசிச்சுப்புட்டா. பெற்றோர் விருப்பத்தின்பேரில்னு. எங்கம்மா கேட்டுருச்சு. இத்தன வருசமா அதுக்குத் தெரியாதுக்கா, அதுல என்ன எழுதியிருக்குன்னு. அன்னையிலருந்து சரியாச் சாப்புடல. நானா விரும்புனேன், நானா விரும்புனேன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அந்த வரிய மாத்திக் குடுத்துருங்க. அது போதும்."

அழைப்பு முடிந்ததும் தரணீதரன் கொஞ்ச நேரம் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "இருவது வருச ரெக்கார்டைத் தொட முடியாதுங்க்கா. ஒருத்தருக்கு மாத்துனா எல்லாரும் வருவாங்க. போர்டுல நூறுன்னு போட்டிருக்கறதுக்கு என்ன பதில் சொல்றதுங்க? போச்சாது, விடுங்க, அவருக்கு மேடையில சீட்டுப் போடறோமுங்க. சிறப்பு விருந்தினர். சால்வை. அதை விட மரியாதை என்னங்க வேணும்?"

"அவுக மேடை கேக்கல தம்பி. ஒரு வரி கேக்காக."

அழைப்பிதழில் காசிமாயனின் பெயர் 'நல்லுள்ளம் கொண்ட தொழிலதிபர்' என்று பொன் எழுத்தில் வந்தது. நல்ல தாள்.

காசிமாயனிடம் பேசிய அன்று மதியம் ரோஸ்மேரி அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். நானாக எதையும் கேட்கிறவன் இல்லை. அவராகச் சொன்னார். காசிமாயனின் அம்மா சின்னத்தாய் அப்போது ஒரு கம்பெனியில் கைமடி. தைத்து விழும் துணியைப் பிடித்து அடுக்கிக் கொடுக்கும் வேலை. தலையில் பஞ்சோடு வந்து நின்றாராம். ஒரு வருடம் மட்டும் பாருங்கள், ராத்திரி ஒன்றரை ஷிப்ட் பார்த்தாவது டியூசன் வைக்கிறேன் என்றாராம். தாளாளர் மகுடேஸ்வரன் நாற்காலி கொடுத்து, மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "இதுக்கு மேல படிச்சு என்னம்மா பண்டறது? கம்பெனிக்கு அனுப்புனா நாலு காசாச்சும் வருமுங்களே."

"மோரைக் குடிக்கல அந்தம்மா. கையெழுத்துப் போடத் தெரியாம ரேகை வச்சுது. அந்த மைய நான்தான் இந்த வேஸ்ட்ட வச்சுத் துடைச்சேன்." பிறகு டப்பாவை மூடினார். "அடிச்சித் திருத்தாம எழுதுன டீசி, எல்லாமே. ஒரு பிழை கிடையாதுன்னு அன்னைக்கி எனக்குப் பெருமை வேற."

அதற்கடுத்த நாட்களில் பச்சை, மஞ்சள், சாம்பல் எதிலும் இல்லாத எண்களுக்கெல்லாம் அவர் பேசினார். தொலைபேசி பழைய எண்ணாக இருந்தால் கம்பெனி செக்யூரிட்டியிடம் பேசினார், மளிகைக் கடையில் பேசினார். ஒவ்வொருவரிடமும் கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார். அந்தக் காகிதம் வீட்டில் இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை விழா. கம்பெனிகளுக்கு விடுமுறை. சாமியானாவின் கீழ் வருகைப் பதிவு மேசை ரோஸ்மேரி அக்காவுடையது. ஆண்டு அச்சடித்த அட்டைகளை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வேன் நம்பர். கூட்டம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது.

காசிமாயன் வெள்ளைச் சட்டையில் வந்தார். பக்கத்தில் சின்னத்தாய். விழாவுக்கு வந்தவர்போல இல்லை. தாலுகா ஆபீசுக்கு வந்தவர்போல, பிளாஸ்டிக் உறை ஒன்றை மார்போடு பிடித்திருந்தார். மேசையில் காசிமாயனுக்காகக் காத்திருந்த அட்டை மற்றவற்றைவிடப் பெரியது. தங்க நிறம். சிறப்பு விருந்தினர்.

சின்னத்தாய் அதைப் பார்க்கவில்லை. உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்புகளில் இற்றுப்போயிருந்தது.

"இது நீ எழுதுனதா தாயி?"

"ஆமாம்மா. நான்தான்."

"நான் விரும்புனேன்னா எழுதியிருக்க?"

"ஆமா."

"நான் விரும்பலையே."

"தெரியும்மா. நான் பக்கத்துலதான நின்னேன்."

மேடையில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தரணீதரன் வேகமாக வந்தார். "வாங்க சார், வாங்க வாங்க. அம்மாவுக்கும் முன்னாடி சீட்டுப் போட்டிருக்குதுங்க. ரோஸ்மேரிக்கா, சாரை அனுப்புங்க, நேரமாகுது." அப்புறம்தான் மேசையைப் பார்த்தார். "அக்கா, என்னங்க பண்றீங்க? அது ரெக்கார்டுங்க!"

"அதான் தம்பி திருத்துதேன்."

அவர் அவசரப்படவில்லை. பேனா முனையைப் பனியன் வேஸ்ட்டில் ஒருமுறை துடைத்துக்கொண்டார். 'பெற்றோர்' என்ற சொல்லின் மேல், கீழே இருக்கும் எழுத்துகள் தெரியும்படி, ஒரே கோடு. அதற்கு மேலே அதே உருண்டைக் கையெழுத்தில் 'பள்ளியின்' என்று எழுதினார். எழுத்து மாறவே இல்லை. மை மட்டும் புதிது.

"வாசிச்சுக் காட்டு" என்றார் சின்னத்தாய்.

"பள்ளியின் விருப்பத்தின்பேரில்."

"இன்னொரு தடவ."

இன்னொரு முறையும் வாசித்தார். பிறகு குனிந்து, கோட்டுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். இந்த முறை எறும்பளவில் இல்லை. 'ரோஸ்மேரி' என்று முழுதாக. கீழே தேதி. காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்துச் சின்னத்தாயிடம் கொடுத்தார்.

அவர்களுக்குப் பின்னால் முருகவேல், சட்டைப் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பின்னால் இன்னும் மூன்று பேர், இன்னும் மூன்று உறைகள். "அக்கா, நிறுத்துங்க" என்றார் தரணீதரன், மரியாதையாகவே.

ரோஸ்மேரி அக்கா பேனாவை மூடவில்லை. வரிசையைப் பார்த்து இடது கையை நீட்டினார்.